நற்சாட்சிக் கடிதம்

இல்லைம்மா, நான் உள்ளே வரவில்லை. செருப்பைக் கழற்ற மாட்டேன். நீ உட்கார். அந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார். குழந்தை இப்படி வீரிட்டு அழுதால் உள்ளே பிரசங்கம் யார் காதில் விழும்? தோளில் போட்டுத் தட்டு. ஆட்டாதே, குடித்த பாலெல்லாம் வெளியே வந்துவிடும். ம், அப்படித்தான்.

எங்கள் சபையில் செருப்போடுதான் போவோம். தேக்குப் பெஞ்சு, மணிக்கூண்டு, நூற்றுப் பத்து வருஷத்துக் கட்டடம். மெதடிஸ்ட். புரசைவாக்கத்தில் போய் யாரை வேண்டுமானாலும் கேள், வழி சொல்வார்கள். இங்கே நான் வழி கேட்டதற்கு என்ன சொன்னார்கள் தெரியுமா? "பாத்திரக் கடைக்கு மேலே." கீழே பாத்திரம், மேலே பரலோகம். நசரேன் சபை என்று போர்டில் எழுதியிருக்கிறது, அந்தப் போர்டையும் பாதி மறைத்துக்கொண்டு குத்துவிளக்கு தள்ளுபடி விளம்பரம்.

கோபமா? எனக்கென்ன கோபம்? நான் கோபப்படுகிற ஆளே இல்லை.

அதோ அந்தப் பிரவுன் செருப்பு தெரிகிறதா, ஓரமாகச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறதே, அது என் வீட்டுக்காரருடையது. செருப்பைக்கூட யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் கழற்றுகிற மனுஷன். தேவசித்தம் என்று பேர். உள்ளே முதல் வரிசையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். இன்றைக்கு உங்கள் சபையில் அங்கத்தினராகச் சேரப்போகிறார். இருபத்தெட்டு வருஷம் என்னோடு மெதடிஸ்ட் சபையில் தூணுக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, ரிட்டையர் ஆன பிறகு, அறுபது வயசில், பாத்திரக் கடைக்கு மேலே!

அந்தச் சட்டைக்கு இஸ்திரி போட்டதும் நான்தான். சண்டை வேறு, சட்டை வேறு.

எப்படி ஆரம்பித்தது என்று கேள். ரயில் பெட்டி ஃபேக்டரியில் ரிட்டையர் ஆனவர், வீட்டில் சும்மா இருக்கிறாரே என்று நான்தான் காலையும் மாலையும் நடக்கச் சொன்னேன். சர்க்கரைக்கு நல்லது. நடந்தார். நடந்து நடந்து புதன்கிழமைதோறும் இங்கே வந்துவிட்டார்! எனக்கு எப்படித் தெரிந்தது? எங்கள் கீழ்வீட்டு ஜெபராணி, உங்கள் சபைதான், உனக்குத் தெரிந்திருக்கும், கொஞ்சம் தெற்றுப்பல். மாடிப்படியில் நின்றுகொண்டு என்னிடம் சொல்கிறாள், "அக்கா, நேத்து உங்க வீட்டுக்காரர் சாட்சி சொன்னாரு பாருங்க, கேட்டு அழாத ஆளே இல்ல."

"எந்த வீட்டுக்காரர்?" என்று கேட்டேன்.

"உங்க வீட்டுக்காரர்தான்க்கா. முக்கால் மணி நேரம் பேசினாரு."

முக்கால் மணி நேரம்! நீயே சொல்லு, நான் என்ன நினைப்பேன்? எங்கள் சபையில் அவர் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. சபைப் போதகர் ஐயர் வந்து, "என்ன தேவசித்தம், சௌக்கியமா?" என்று கேட்டால், "சௌக்கியமா இருக்கார் ஐயரே, முட்டிதான் கொஞ்சம் வலி" என்று நான்தான் சொல்வேன். அவருக்கு ஏன் சிரமம்? வேத பாடம் வாசிப்பது நான், மாதர் சங்கச் செயலாளர் நான், அறுப்பின் பண்டிகைக்கு ஏலம் விடுகிறவர்களை அதட்டுவது நான். அவர் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்.

அப்படி என்ன சாட்சி சொன்னாராம்? அவர் கோலார் தங்கவயல்காரர். அப்பா சுரங்கத்தில் வேலை. இவருக்கு ஏழு வயசாக இருக்கும்போது உள்ளே பாறை வெடித்து, அப்பாவும் இன்னும் நாலு பேரும் ஒன்பது மணி நேரம் அடியில் மாட்டிக்கொண்டார்களாம். இவர் மேலே சுரங்க வாசலில் நின்றுகொண்டு தெரிந்த ஒரே ஞானப்பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டே இருந்தாராம், நிறுத்தினால் அப்பா செத்துவிடுவார் என்று. அப்பா வெளியே வந்தபோது இவருக்குக் குரலே போய்விட்டதாம். அதற்கப்புறம் சத்தமாகப் பேச வரவில்லையாம்.

எனக்குத் தெரியாதும்மா இந்தக் கதை. ஜெபராணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். எப்படி இருந்திருக்கும் எனக்கு? நேராக வீட்டுக்குள் போய்க் கேட்டேன்.

"ஏங்க, கட்டின பெண்டாட்டிக்குச் சொல்லாத கதையை ஊரைக் கூட்டிச் சொல்வீங்களா?"

அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொல்கிறார், "சொல்ல ஆரம்பிச்சேன் ஹெப்சி. கல்யாணமான புதுசுல. நீ குக்கர் விசிலுக்கு எழுந்து போயிட்ட."

கேட்டாயா நியாயத்தை? குக்கர் விசில் அடித்தால் எழுந்து போகாமல்? பருப்பு கருகினால் யார் சாப்பிடுவது? அதற்கப்புறம் இருபத்தெட்டு வருஷத்தில் குக்கர் அடங்கவே இல்லையா?

அன்றைக்குத்தான் சொன்னார், "நான் அங்கே சேரலாம்னு இருக்கேன்." லாம்னு. அவர் 'லாம்' என்று சொன்னால் முடிந்தது. கத்திச் சொல்கிறவனை மாற்றலாம். மெதுவாகச் சொல்கிறவனை யார் மாற்றுவது?

சரி, ஆளைப் பிடித்தால் போதாது, வேரைப் பிடிக்க வேண்டும் என்று உங்கள் பாஸ்டரம்மாவைப் பார்க்கப் போனேன். ஜாய்ஸ். எனக்குப் பத்துப் பதினைந்து வயசு சின்னவள். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டு இருந்தாள். கையில் கிளிப்போடு, "வாங்க சிஸ்டர்" என்கிறாள். நான் கான்வென்ட்டில் படித்தவள். எனக்கு சிஸ்டர் என்றால் தலையில் முக்காடு இருக்க வேண்டும். "நான் சிஸ்டர் இல்லை, மிஸஸ் தேவசித்தம்" என்றேன்.

உட்கார்ந்ததும் கேட்டேன். "நீங்க ஏதோ முழுப் பரிசுத்தம்னு சொல்லித் தர்றீங்களாமே? இரட்சிப்பு ஒரு தடவை, பரிசுத்தம் ரெண்டாவது தடவையாமே? நான் இருபத்தெட்டு வருஷமா இந்த மனுஷனோட இருக்கேன். ஈரத் துண்டைக் கட்டில்ல போடுவார். டூத்பேஸ்ட்டை நடுவுல அமுக்குவார். இவர் எப்படி முழுசா பரிசுத்தமாவார்?"

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நானும் நாலு வார்த்தை விட்டுவிட்டு வந்திருப்பேன். "அது தப்பே பண்ணமாட்டோம்ங்கிறது இல்லைம்மா. மறதி வரும், தவறு வரும். ஆனா மனசுல பாதியை எடுத்து வச்சுக்காம முழுசா தேவனுக்குக் கொடுத்துடறது. அன்பு நிறைஞ்சிடும். அந்த இடத்துல கசப்புக்கு இடம் இருக்காது" என்றாள். பிறகு, "இது நாங்க கண்டுபிடிச்சது இல்லைம்மா. ஜான் வெஸ்லி சொன்னதுதான். உங்க சபைதான் முதல்ல சொல்லிச்சு" என்றாள்.

என்னிடமே! எங்கள் வெஸ்லியைப் பற்றி! ரெண்டு சபைக்கும் தாத்தா ஒருத்தர்தான், எனக்குத் தெரியாதா? ஆனால் நாங்கள் தாத்தா படத்தை மாட்டி மரியாதையாக வைத்திருக்கிறோம். இவர்கள் தாத்தா சொன்னதை எல்லாம் செய்து பார்க்க வேண்டும் என்கிறார்கள்.

குழந்தை ஞானஸ்நானத்தில் பிடித்தேன். "உங்க சபையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாதாமே?" என்றேன். அதுவும் தப்பாம். பெற்றவர்கள் விரும்பினால் ஞானஸ்நானம், இல்லையென்றால் தண்ணீர் தெளிக்காமல் தேவனுக்கென்று பிரதிஷ்டை பண்ணி ஜெபித்துவிட்டு, வளர்ந்த பிறகு அதுவே முடிவு பண்ணட்டும் என்று விட்டுவிடுவார்களாம். உன் குழந்தைக்கு என்ன பண்ணினீர்கள்? பிரதிஷ்டையா? ம். ஜலதோஷம் பிடிக்காமலாவது இருக்கும்.

நகை விஷயமும் இருக்கிறது. இந்த மாதிரி சபைகளில் நகையைக் கழற்றச் சொல்வார்கள், தாலியைக்கூட விடமாட்டார்கள் என்று எங்கள் மாதர் சங்கத்தில் பேச்சு. அதனால்தான் பார், ரெட்டைவடம், ஜிமிக்கி, நாலு நாலு வளையல், எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு வந்தேன். யாராவது கழற்றச் சொல்லட்டும் பார்க்கலாம் என்று. வாசலில் நின்ற பெண் "தோத்திரம் ஆன்ட்டி, ஜிமிக்கி அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். உன் கழுத்திலும் செயின் இருக்கிறது. அடக்கமாக இருந்தால் போதுமாம். இதை முன்னாலேயே சொல்லித் தொலைப்பதற்கென்ன? கழுத்து அறுக்கிறது.

எங்கே விட்டேன்? ஆங், கடிதம்.

எங்களில் ஒரு முறை உண்டு. ஒரு சபையை விட்டு இன்னொரு சபைக்குப் போகிறவன் கடிதம் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். 'இவர் எங்கள் சபையின் பூரண அங்கத்தினர், நற்சாட்சி உள்ளவர், இவரை அன்போடு ஏற்றுக்கொள்ளவும்' என்று ஐயர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். நினைத்தபடி நுழைந்து நினைத்தபடி வெளியேற அது என்ன பஸ்ஸா?

ஆகவே எங்கள் ஐயரிடம் போனேன். கிறிஸ்துராஜ் ஐயர், நல்ல மனுஷன், போன மேயில்தான் பேராயர் மாற்றல் போட்டு எங்களிடம் அனுப்பினார். உங்களில் சபையார் ஓட்டுப் போட்டு பாஸ்டரைக் கூப்பிடுவீர்களாமே. எங்களில் பேராயர் யாரை அனுப்புகிறாரோ அவர்தான். பிடித்தாலும் நாலு வருஷம், பிடிக்காவிட்டாலும் நாலு வருஷம். கல்யாணம் மாதிரி. "ஐயரே, என் வீட்டுக்காரர் மாற்றுக் கடிதம் கேட்டு வந்தால் கொடுக்காதீர்கள். இழுத்தடியுங்கள்" என்றேன். ஐயர் தலையைச் சொறிந்துகொண்டு, "பதிவேட்டைப் பார்ப்போம்மா" என்று பீரோவைத் திறந்தார்.

பார்த்தார். திருப்பினார். மறுபடி முன்னால் திருப்பினார். "திருமதி ஹெப்சிபா தேவசித்தம் இருக்கு. நீங்க. மகள் பேர் இருக்கு. தேவசித்தம்..." என்று விரலை வைத்துக்கொண்டே தேடுகிறார். "அவர் பேர் இல்லையே அம்மா."

இல்லை. இருபத்தெட்டு வருஷமாக அந்த மனுஷன் எங்கள் சபையில் அங்கத்தினரே இல்லை.

அந்தப் பதிவேடு யார் எழுதினது தெரியுமா? நான். பழைய பதிவேட்டைக் கரையான் அரித்துவிட்டது, ஹெப்சிபாவுக்குத்தான் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று என்னிடம் கொடுத்தார்கள். ரெண்டு சனிக்கிழமை உட்கார்ந்து, முந்நூற்றுச் சொச்சம் பேரை, கறுப்பு மையில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். என் பேரை எழுதினேன். மேலே அவர் பேர் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்? பழையதில் இருந்தால்தானே புதுசில் எழுத முடியும்? நகல் எடுக்கிறவள் நான், நல்ல நகல்தான் எடுத்திருக்கிறேன்.

அவமானமாக இருந்ததா என்றா கேட்கிறாய்? சந்தோஷமாக இருந்தது! அன்றைக்கே ஜாய்ஸிடம் போனேன். "அவர் பேரே எங்க பதிவேட்டுல இல்லை. கடிதம் வராது. என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"அப்ப விசுவாச அறிக்கையின் பேர்ல சேர்த்துக்கலாம்மா. கிறிஸ்துவை அறிக்கை பண்ணி, எங்க ஒழுங்குகளுக்கு உடன்பட்டா போதும்" என்றாள்.

அவ்வளவுதான். என் பிரம்மாஸ்திரம் பொசுக்கென்று போய்விட்டது.

அதோடு விட்டாளா? "அவர் பேர் எப்படிம்மா இல்லாம போச்சு?" என்று கேட்டாள். கிளார்க் தொலைத்திருப்பான், ஏழு ஐயர்மார் மாறிவிட்டார்கள், கரையான் தின்றிருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தச் சமயத்தில் நான் நினைத்ததும் அதுதான்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். "உங்க பேர் பதிவேட்டுல இல்லை, தெரியுமா?"

"தெரியும்."

"தெரியுமா? எப்போதிருந்து?"

"எலக்ஷன் அன்னிக்கு."

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது அது. வருஷாந்தரக் கூட்டத்தில் யாரோ சபைக் கமிட்டிக்கு இவர் பேரை முன்மொழிந்தார்கள். செயலாளர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு இவர் பக்கத்தில் வந்து குனிந்து ஏதோ சொன்னார். இவர் எழுந்து, "நான் நிக்கலை, வேற யாரையாவது போடுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு எப்படி இருந்திருக்கும்? கூட்டத்தில் வைத்தே, "முதுகெலும்பு இருந்தாத்தானே நிக்கிறதுக்கு" என்று சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் நகைச்சுவையாகத்தான் சொன்னேன். வீடு வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். அப்புறமும் சொல்லியிருப்பேன், அவ்வப்போது. பன்னிரண்டு வருஷம் என்பது பெரிய காலம், அத்தனையும் ஞாபகம் இருக்குமா?

"அன்னிக்கே ஏன் சொல்லலை?" என்று கேட்டேன்.

"சொன்னா, கோலார் கடிதத்தை யார்கிட்ட கொடுத்தேன்னு கேப்பாங்க" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மாத்திரை டப்பாவில் ஞாயிறு, திங்கள் என்று மாத்திரை போட்டுக்கொண்டு இருந்தார்.

எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்றுதான் சொல்கிறேன். அப்புறம் மறுநாள் கல்யாணப் பெட்டியை இறக்கினேன். சும்மாதான், புடவைக்கு அந்துருண்டை போட. கூறைப் புடவை மடிப்பில் இருந்தது.

இரு, காட்டுகிறேன். கைப்பையில்தான் வைத்திருக்கிறேன். குழந்தை பிடித்து இழுத்துவிடப்போகிறது, தள்ளிப் பிடி. பார். கோலார் தங்கவயல் மெதடிஸ்ட் சபை. முத்திரை. 'நற்சாட்சி பெற்ற பூரண அங்கத்தினர்.' கல்யாணமாகி மூன்றாம் நாள் என் கையில் கொடுத்து, "பாடகர் குழுவுக்குப் போறியே, இதை ஐயர்கிட்ட கொடுத்துடு" என்றார். கொடுக்கத்தான் எடுத்து வைத்தேன். புதுப்பெண்ணுக்கு ஆயிரம் வேலை இருக்காதா? ஒரு விருந்தா, ரெண்டு விருந்தா? அந்த ஒரு தடவை அவரே நடந்து போய்க் கொடுத்திருக்கலாமே! நடக்கத் தெரியாதா? இப்போது தினம் நாலு கிலோமீட்டர் நடக்கிறாரே!

இல்லை, நான் அழவில்லை. பாத்திரக் கடையில் ஏதோ புளி போட்டுத் தேய்க்கிறார்கள், அந்த நெடி.

இதை எதற்குக் கொண்டுவந்தேன் என்றால், உங்கள் பாஸ்டரம்மா முகத்தில் காட்ட. இவர் அநாதை இல்லை, வந்தேறி இல்லை, நற்சாட்சி உள்ள மெதடிஸ்ட், எங்கள் ஆள், நீங்கள் இப்படி வெறுங்கையோடு அள்ளிக்கொண்டு போக முடியாது என்று சொல்ல. அதற்குத்தான் வந்தேன். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், உட்கார்ந்துவிட்டேன்.

உஷ்! அவர் பேரைச் சொல்கிறார்கள். சத்தம் போடாதே. குழந்தையை இல்லை, உன்னைச் சொன்னேன்.

கேள்வி கேட்கிறாள். "கிறிஸ்துவை உம்முடைய இரட்சகராக அறிக்கை செய்கிறீரா?" கேட்டாயா? "செய்கிறேன்." அது அவர் குரல்! மைக் வைத்திருக்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு சத்தம். மைக்தானே? மைக் இல்லையா? எனக்கு எப்படித் தெரியும், நான் இந்தக் குரலைக் கேட்டதே இல்லை.

இப்போது என்ன, ஏதோ பேசுகிறாரே? நீ கதவுப் பக்கம் இருக்கிறாய். என்ன சொல்கிறார்?

"...கடிதம் இல்லாம எப்படி வந்தீங்கன்னு சிலர் கேட்டீங்க. அது என் அஜாக்கிரதை. எங்க ஊர் சபை கொடுத்த கடிதத்தை நான்தான் எங்கேயோ வச்சுத் தொலைச்சுட்டேன். என் மனைவி சபை மேலயும் குறை இல்லை, அவங்க மேலயும் குறை இல்லை. எல்லாம் என்..."

பொய்!

கேட்டாயாம்மா? பொய். பச்சைப் பொய். தொலைத்தேன் என்கிறார்! இருபத்தெட்டு வருஷத்தில் இந்த மனுஷன் ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை. பால்காரனிடம்கூடச் சொன்னதில்லை. முதல் பொய்யை எங்கே வந்து சொல்கிறார் பார், பீடத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, முழுப் பரிசுத்தம் வேண்டும் என்று வந்த இடத்தில், அதுவும் என் பேருக்காக! யார் கேட்டது? என்னைக் காப்பாற்றச் சொல்லி நான் கேட்டேனா?

இந்தப் பொய்யோடு அவர் பேரை எழுதிக்கொள்வார்கள். நாளைக்கு அது ஒரு பதிவேட்டில் ஏறும். ஒரு பதிவேட்டில் பேரே இல்லை, இன்னொன்றில் பொய்யோடு பேர். நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேனா?

பிடி இந்தப் பையை. கடிதம் மட்டும் போதும். கொஞ்சம் தோளைக் கொடு, முட்டி மடங்க மாட்டேன் என்கிறது... இந்த வார்ப்பூட்டு ஒரு சனியன். ம், வந்துவிட்டது. தரை ஜில்லென்று இருக்கிறது, இதைத் துடைத்தார்களா என்ன?

நான் சேரப்போகிறேன் என்று நினைத்துவிடாதே. நான் மெதடிஸ்ட்டாகப் பிறந்தவள், மெதடிஸ்ட்டாகத்தான் சாவேன். தொலைத்தது யார் என்று நாற்பது பேருக்கு முன்னால் சொல்லிவிட்டு, இதை அந்த ஜாய்ஸ் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். அதற்கு மேல் ஒரு நிமிஷம் நிற்கமாட்டேன்.

என் செருப்பைப் பார்த்துக்கொள். அவர் செருப்புக்குப் பக்கத்தில் வைக்காதே, அதைப் பார்த்ததும் என் வாய் மறுபடி முதுகெலும்பு இல்லாதவர் என்று... இல்லை, அதை நான் இனிமேல் சொல்லப்போவதில்லை. எங்கேயாவது வை. தள்ளும்மா, கதவைத் திற.